ஆழ்கடல் இராட்சதனும் அதன் பெயரும்

கடலின் மேற்பரப்பை மாந்தர் நெடுங்காலமாக அறிவர். மீன் பிடித்தும் முத்துக் குளித்தும் கலஞ் செலுத்தியும் அதனோடு பழகியோர் பலர். ஆயின் அக்கடலின் அடித்தளமோ இன்றும் பெரும்பாலும் அறியப்படாத நாடாகவே கிடக்கின்றது. ஏறக்குறைய 200 மீற்றர் ஆழத்துக்குக் கீழே செடியினம் ஒளித்தொகுப்புச் செய்தற்குப் போதிய ஒளி இல்லை. 1,000 மீற்றருக்குக் கீழே ஞாயிற்றின் ஒளி அறவே செல்லாது. அவ்விருளினின்று ஒரு பிராணி மேலே கொண்டுவரப்பட்டு, இஃது இதுகாறும் எவராலும் பெயரிடப்படாத இனம் என்று துணியப்படுமாயின், அத்துணிபு எங்ஙனம் எய்தப்படுகின்றது? புதினத்தாள்களில் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும் இத்தகைய செய்திகளின் பின்னே கிடக்கும் உழைப்பை, அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்றைக் கொண்டு விளக்குதல் தகும்.

2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆந் தேதி தொடங்கிப் பதினான்கு நாட்கள், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தாரும் அக்காலத்து இந்தோனேசிய விஞ்ஞான நிறுவனத்தாரும் ஒருங்குகூடிச் சுந்தா நீரிணையிலும் மேலை யாவாவின் தென்கடலிலும் ஆழ்கடலாராய்ச்சி ஒன்றை நிகழ்த்தினர். அவர்கள் ஏறிச் சென்ற கப்பலின் பெயர் 'பாருணா ஜயா'. வருணனது வெற்றி என்று அது தமிழர் செவிக்கு உடனே பொருள்படும். பண்டைத் தமிழர் சாவகம் என வழங்கிய தீவின் கடலிலே அப்பெயர் தாங்கிய கலம் உலாவியது பொருத்தமே. அறுபத்து மூன்று இடங்களில் இழுவை வலைகளும் பிற கருவிகளும் இறக்கப்பட்டன. பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 800 இனங்களைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்பட்டது. அவற்றுள் இரண்டு மட்டும் ஈண்டு நமக்கு வேண்டப்படுவன. ஒன்று 363 மில்லிமீற்றர் நீளமுடைய ஆண். மற்றது 298 மில்லிமீற்றர் நீளமுடைய பெண். இவை 950க்கும் 1,260க்கும் இடைப்பட்ட மீற்றர் ஆழத்திலே பிடிபட்டவை.

இவ்வுயிர் நண்டும் இறாலும் அடங்கிய ஓட்டுடலி வகுப்பைச் சேர்ந்ததாயினும், அவற்றினும் நெருங்கிய உறவு இதற்கு வேறிடத்தில் உண்டு. மழைக்காலத்தில் ஈரக்கல்லைப் புரட்டினாலும் உக்கிய இலைகளைக் கிளறினாலும், சாம்பல் நிறமாய்ப் பல கால்களுடன் ஓடுஞ் சிறு பிராணிகளைப் பலரும் கண்டிருப்பர். தொட்டவுடன் சில உருண்டு மணிபோலாகும். நகத்தினளவேயுள்ள அச்சிறு பிராணியை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைய வளர்த்துக் கடலடியில் விட்டாற்போன்றது இது. நடக்குங் கால்கள் ஏழு இணையும் பெரும்பாலும் ஒத்த வடிவின. அதனாலே இவ்வருணத்துக்கு ஐசோப்பொடா, அஃதாவது ஒத்தகாலிகள், என்னும் பெயர் அமைந்தது. சுவாசிக்கும் உறுப்புக்கள் வயிற்றின் கீழே தகடுகளாக அடுக்கப்பட்டுள்ளன. கண்கள் ஏறக்குறைய நாலாயிரம் சிறு முகங்கள் கொண்ட கூட்டுக்கண்கள். அவற்றினுள்ளே ஒளியைத் திருப்பி எறியும் படலம் ஒன்றிருத்தலின், வெளிச்சம் பட்டவுடன் பூனைக்கண் போல் மின்னும். ஓடு கழற்றும்போது முழுவதையும் ஒருங்கே கழற்றாது, பின்பாதியை முன்னரும் முன்பாதியைப் பின்னருமாக இருமுறையிற் கழற்றும். தாய் தன் முட்டைகளை மார்பின்கீழ்ப் பையொன்றிற் சுமக்கும். அப்பையினின்று வெளிப்படுங் குஞ்சுகளுக்கு ஏழாம் இணைக்கால் இராது, பின்னரே முளைக்கும்.

உணவு இதற்கு எப்போது வாய்க்கும் என்பது உறுதியன்று. மேலிருந்து வீழும் இறந்த மீன், திமிங்கிலம் முதலியவையே பெரும்பாலும் இதன் விருந்து. 2019ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் மெச்சிக்கோ வளைகுடாவில் இறந்த முதலைகளின் உடல்களை ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில் இறக்கி நோக்கியபோது, ஒரு நாள் கழியுமுன்னரே இவ்வகைப் பிராணிகள் அவற்றை மொய்த்து உண்ணத் தொடங்கின. கிடைத்தபோது வயிறு புடைக்க உண்பதும், கிடையாதபோது நெடுநாள் கிடப்பதும் இவற்றின் இயல்பு. யப்பானிலே தோபா நகரத்து நீர்வாழ் உயிர்க்காட்சிச் சாலையில் இருந்த ஒன்று, 2009ஆம் ஆண்டு சனவரியில் ஒரு மீனை உண்டபின், 2014ஆம் ஆண்டு பெப்புருவரியில் இறக்கும்வரை, ஐந்தாண்டுக்கு மேலாக இரையைத் தீண்டாதிருந்தது. நோன்பிருந்தோர் வரலாறு பல கேட்ட தமிழருக்கும் இது வியப்பாகவே தோன்றும்.

இனி, பெயரிடுதலுக்கு வருவாம். இவ்விரு மாதிரிகளும் பாத்தினோமசு என்னும் சாதியைச் சேர்ந்தவை என்பது கண்டவுடன் விளங்கிற்று. ஆயின் எந்த இனம் என்பதே வினா. பாத்தினோமசு இனங்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. நிறமும் பொதுவடிவமும் கொண்டு வேறுபடுத்தல் இயலாது. எனவே அற்ககோலில் இட்ட உடலை மேசைமேல் வைத்து, உறுப்பு உறுப்பாக அளந்து, வரைந்து, முன்னர் வெளிவந்த விவரணங்களோடும் நூதனசாலைகளிலுள்ள பழைய மாதிரிகளோடும் ஒப்பிடல் வேண்டும். உடலின் ஈற்றிலுள்ள வாற்றகட்டின் விளிம்பில் எத்தனை முட்கள் உள. அவை நேரானவையோ, மேல்நோக்கி வளைந்தவையோ. இருபுறத்து வாற்பாதங்கள் அத்தகட்டைக் கடந்து நீளுமோ, உள்ளடங்குமோ. அவற்றின் ஓரத்து மயிர்வரிசை எத்துணைத் தூரம் செல்கின்றது. வாய்க்கு மேலுள்ள முகத்தகட்டின் நுனி கூரியதோ, மழுங்கியதோ. உணர்கொம்பு எத்தனையாம் மார்பு வளையம் வரை எட்டும். இத்தகைய வினாக்கள் பல. கேட்போருக்குச் சலிப்பூட்டும் இவ்வினாக்களிலேதான் இனத்தின் எல்லை அடங்கியிருக்கின்றது.

கொன்னி சிடாபலோக், எலன் வொங், பீற்றர் இங் என்னும் மூவர் இவ்வாராய்ச்சியை நிகழ்த்தினர். முகத்தகட்டின் நுனி ஒடுங்கி உருண்டிருத்தல், வாற்றகட்டின் முட்கள் நீண்டு நேராயிருத்தல், வாற்பாதங்கள் அத்தகட்டைக் கடவாதிருத்தல், ஓரத்து மயிர்வரிசை ஏறக்குறைய முழு நீளமுஞ் செல்லுதல் ஆகிய குறிகள் ஒருங்கே அமைந்த இனம் வேறெதுவும் இல்லை எனக் கண்டனர். பிடித்து ஈராண்டு கழிந்து, 2020ஆம் ஆண்டு யூலை மாதத்தில், 'பாத்தினோமசு ராக்சசா' என்னும் பெயருடன் விவரணம் வெளியாயிற்று. இந்தோனேசியக் கடலினின்று இச்சாதி பதிவானது அதுவே முதன்முறை. இராட்சசன் என்னும் வடசொல்லே அந்நாட்டு மொழியில் 'ராக்சாசா' என நின்று, பேருருவுடையது என்னும் பொருளைத் தரும். தமிழிலோ அச்சொல் உருவத்தோடு கொடுமையையும் சேர்த்துணர்த்தும். பிணந்தின்று கடலடியைத் துப்புரவாக்கும் இப்பிராணிக்கு அப்பழி பொருந்தாது.

பெயரிடும் முறைமையிலே தலையாயது மூலமாதிரி என்பது. புதிய இனத்தை விவரிப்போர் ஒரு தனி உடலைத் தெரிந்து, இதுவே இப்பெயரைத் தாங்குவது என அறிவித்து, நூதனசாலை ஒன்றில் வைத்தல் வேண்டும். ஏனையவை துணைமாதிரிகளாம். நூறாண்டின் பின் ஐயம் எழுமாயின், அவ்வோர் உடலே சான்று. எழுத்திலுள்ள விவரணம் பிழைபட்டாலும் மாதிரி பிழைபடாது. விலங்கினங்களின் விஞ்ஞானப் பெயர்கள் இலத்தீன் எழுத்தில் அமைய வேண்டும் என்பதும், ஒரே இனத்துக்கு இரு பெயர் இடப்பட்டால் முந்தியதே நிற்கும் என்பதும், இம்முந்துரிமை இலின்னேயசின் நூலின் பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758ஆம் ஆண்டு தொடங்கியே கணிக்கப்படும் என்பதும் பிற விதிகள்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு கவனிக்கத்தக்கது. 363 மில்லிமீற்றர் நீண்ட அந்த மூலமாதிரி ஆணாயினும், முதிர்ந்த ஆணுக்குரிய ஓர் உறுப்பு அதில் இல்லை. எனவே அது இன்னும் முற்ற வளராதது என ஆசிரியர்களே எழுதினர். இரண்டே உடல்கள், அவற்றுள் ஒன்று இளமை கடவாதது. இத்துணைச் சிறு சான்றைக் கொண்டு இனம் வகுக்கலாமோ எனின், ஆழ்கடலைப் பொறுத்தவரை வேறு வழியில்லை. இன்னும் பத்து மாதிரி கிடைக்கட்டும் எனக் காத்திருப்போர் தம் ஆயுள் முழுவதும் காத்திருக்க நேரும். குறையைத் தாமே கூறி வெளியிடுதல் அதனினும் நேர்மையான வழியாம்.

இச்சாதியின் முதலினமும் இவ்வாறே இளம் ஆண் ஒன்றைக் கொண்டு பெயர் பெற்றது. 1840களில் எட்வேட் போப்சு என்னும் பிரித்தானிய விஞ்ஞானி, 300 பாகத்துக்குக் கீழே உயிர் வாழாது என்னும் கருத்தை நிறுவினார். ஏசியன் கடலில் ஆழஞ் செல்லச் செல்ல உயிர்கள் குறைவதைக் கண்டு அவர் அவ்வாறு கருதினார். அக்கருத்துப் பின்னர் பல சான்றுகளாலே தளர்ந்தது. அச்சான்றுகளுள் கண்கவர்ந்த ஒன்று, அலெக்சாண்டர் அகாசி தலைமையில் 'பிளேக்கு' என்னும் கப்பல் மெச்சிக்கோ வளைகுடாவில் 955 பாகம், அஃதாவது ஏறக்குறைய 1,740 மீற்றர், ஆழத்தினின்று எடுத்த பெரும்பிராணி. பிரான்சிய விஞ்ஞானி அல்போன்சு மில்ன் எட்வேட்சு 1879ஆம் ஆண்டில் அதற்குப் 'பாத்தினோமசு கைகாந்தியசு' எனப் பெயரிட்டார்.

அப்பெயரே பிற்காலத்தில் ஒரு மயக்கத்துக்கும் ஏதுவாயிற்று. பெரிய பாத்தினோமசு எங்குக் கிடைத்தாலும் அதனைக் கைகாந்தியசு என்றே எழுதும் வழக்கம் பரவிற்று. இந்தியக் கடல்களை ஆராய்ந்த 'இன்வெசுத்திகேற்றர்' என்னும் கப்பல் வங்காள விரிகுடா முதலிய பகுதிகளினின்று எடுத்தவற்றுக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. அற்லாந்திக்கு இனம் ஒன்று இத்துணைத் தொலைவிலும் வாழ்வதாக நூறாண்டுக்கு மேல் நூல்கள் கூறின. 2006ஆம் ஆண்டில் உலௌரியும் தெம்சியும் இந்து, மேலைப் பசிபிக்குச் சமுத்திரங்களின் மாதிரிகளை மீண்டும் ஒப்புநோக்கி, கைகாந்தியசு அற்லாந்திக்குப் பகுதிக்கே உரியது எனத் தெளிவித்துப் புதிய இனங்களை வகுத்தனர். அற்லாந்திக்கிலும் மயக்கம் முற்றிலும் தீரவில்லை. மெச்சிக்கோவின் யுக்கத்தான் கடலில் 2017ஆம் ஆண்டிற் பிடிக்கப்பட்டு யப்பானுக்குச் சென்ற ஒன்று, முட்களின் எண்ணிக்கையிற் கைகாந்தியசை ஒத்திருந்தும், மெலிந்த உடலும் நீண்ட உணர்கொம்பும் உடையதாயிருந்தது. டி. என். ஏ. ஒப்பீடும் வேறென்று காட்ட, 2022ஆம் ஆண்டில் அது 'யுக்கத்தானென்சிசு' எனத் தனிப்பெயர் பெற்றது.

பெயர் மாறுவதால் வந்த நட்டம் யாது எனச் சிலர் வினவலாம். ஓரினம் உலகக் கடல் முழுவதும் பரந்து வாழ்வதாயின், ஓரிடத்தில் அழிந்தாலும் பிறவிடத்தில் எஞ்சும். ஆயின் அஃது ஒரே நீரிணைக்கோ ஒரே விரிகுடாவுக்கோ உரிய இனமாயின், அவ்விடத்து அழிவே அதன் முற்றழிவு. பிழைபட்ட பெயர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது.

இதற்கு வியற்நாம் தக்க சான்று. அந்நாட்டு மீனவர் வலையில் இப்பிராணிகள் இடையிடையே அகப்படுவது பழைய செய்தி. அக்காலத்தில் அவை மலிவாகவே விற்கப்பட்டன. அண்மை ஆண்டுகளிலோ அவை உணவுச்சாலைகளில் உயர்ந்த விலை பெறும் பண்டமாயின. சிங்க இறாலினும் சுவையுடையது என்று புகழ்வோரும் உளர். விலை உயர, தேடிப் பிடிப்போரும் பெருகினர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆனோய்ப் பல்கலைக்கழகத்தார் குயிஞோன் நகரத்து மீனவரிடம் நான்கு பிராணிகளை விலைக்கு வாங்கி, அவற்றுள் இரண்டைப் பீற்றர் இங்குக்கு அனுப்பினர். சந்தையில் விற்கப்பட்டவற்றுட் பல, 2017ஆம் ஆண்டிற் பெயர் பெற்ற 'சேமிசி' என்னும் இனம் என விளங்கிற்று. ஆயின் ஒன்று எவ்வினத்தோடும் பொருந்தவில்லை. 32.5 சதமமீற்றர் வரை நீண்டு, ஒரு கிலோகிராமுக்கு மேல் நிறையுடையது அது. அதன் தலை, திரைப்படம் ஒன்றில் வருங் கொடியோனது தலைக்கவசத்தை ஒத்திருந்தமையின், அப்பாத்திரத்தின் பெயரால் 'பாத்தினோமசு வேதரி' என 2025ஆம் ஆண்டு சனவரியில் விவரிக்கப்பட்டது. காப்பியங்களினின்று இராட்சசன் வந்த சாதிக்குத் திரைப்படத்தினின்றும் ஒருவன் வந்து சேர்ந்தான்.

குயிஞோன் மீனவர் கூடையில் இரண்டு இனமும் ஒரே பெயரில், ஒரே விலையில் கிடந்தன. இவை ஆண்டில் எத்தனை முறை ஈனும், எத்தனை ஆண்டில் முதிரும் என்பன போன்ற கணக்குகளை இனிமேல் இனந்தோறும் தனித்தனியே எடுத்தல் வேண்டும். வேதரி என்னும் இனத்துக்கு அக்கணக்கெடுப்பு 2025ஆம் ஆண்டுக்கு முன் தொடங்கியிருக்கவே முடியாது. அதற்குள் எத்தனை கூடைகள் சந்தைக்குச் சென்றன என்பதை எவரும் எண்ணவில்லை.