சின்ன யூனிற்றுக்கு என்ன செற்?

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் எங்களில் பலர் இருப்பது இரண்டு அறை யூனிற்றுகளில். ஐந்து ஸ்பீக்கரும் பெரிய சப்வூபரும் அங்கே வேண்டாம். சப்வூபரின் அதிர்வு சுவராலும் நிலத்தாலும் அயல் வீட்டுக்குப் போகும். திங்கள் முதல் வியாழன் வரை இரவு 10 மணிக்குப் பின் அயலவரின் அறைக்குள் சத்தம் கேட்கக்கூடாது என்பது இரு மாநிலங்களிலும் பொதுவான விதி. வாடகைக்கு இருக்கும் நாங்கள் முறைப்பாட்டுக்கு இடம் வைக்கலாமா?

ரி.வி.யின் கீழே வைக்கும் ஒரு சவுண்ட்பார் போதும். ரி.வி.யில் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இணைப்பு இருந்தால் ஒரே வயரில் வேலை முடியும். வசனத்தைத் தெளிவாக்கி, இரவில் சத்தத்தை மட்டுப்படுத்தும் வசதி உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

மேலதிக உத்தரவாதத்துக்குக் கடையில் காசு கேட்டால் அவசரப்படாதீர்கள். 2011 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளுக்கு விற்ற கடையே பொறுப்பு. பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள்.