வட்டரங்கும் கேரம் பலகையும்

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளி மயங்கியலில் வல் என்னும் சொல்லுக்கெனத் தனியே விதி வகுத்துள்ளார். வல் என்பது ஆடுகருவி ஒன்றின் பெயர். அச்சொல் வருமொழியோடு புணருங்கால் தொழிற்பெயரின் இயல்பினதாய் உகரம் பெறும் என்று பொதுவாகக் கூறியவர், அவ்வளவில் நில்லாது, நாய், பலகை என்னும் இரு சொற்கள் பின்னே வருமாயின் அவ்வுகரம் கெட்டு அகரம் நிற்றலும் உண்டு என மேலும் ஒரு நூற்பா செய்கின்றார். எனவே வல்லுநாய், வல்லுப்பலகை என்னும் வடிவங்களோடு வல்லநாய், வல்லப்பலகை என்னும் வடிவங்களும் அந்நாளில் வழங்கின என்பது பெறப்படும். ஈண்டு நாய் என்றது விலங்கன்று. பலகைமேல் வைத்து ஆடும் காய்.

இந்நூற்பாவை வகுப்பில் பாடம் சொல்லுந்தோறும் எமக்கு ஒரு வினா எழுவதுண்டு. இரண்டே இரண்டு தொடர்களுக்காக ஒரு நூற்பா எதற்கு? இலக்கண நெறிக்கு ஒவ்வாத அவ்வடிவங்களை வழு என்று தள்ளியிருக்கலாமே! பலகையைச் சுற்றி அமர்ந்திருந்தோர் அங்ஙனமே பேசினர். ஆசிரியர் அதனைச் செவிமடுத்து நூலில் ஏற்றார் என்பதே எமக்குத் தோன்றும் விடை. ஆடுவோர் வாய்மொழிக்குத் தமிழ் இலக்கணத்தில் இத்துணைப் பழைய இடம் உண்டாயின், இற்றை நாளில் பலகையைச் சுற்றி அமர்ந்திருப்போர் பேச்சுக்கு நாம் செவி கொடுத்துள்ளோமா என்பது அடுத்த வினா. இராயபுரம், காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளில் தெருதோறும் ஆடப்படும் கேரம் ஆட்டத்தை முன்வைத்து அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது.

முதற்கண் பழஞ்சான்றுகள் மூன்றனை நோக்குவோம். நற்றிணையின் மூன்றாம் பாட்டில், வேம்பின் நிழலில் சிறுவர்கள் பொன் உரைக்கும் கட்டளைக்கல் போன்ற அரங்கொன்றை நிலத்தில் வகுத்து, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தின் முதற் குறள், நூலறிவின்றி அவையிற் பேசப் புகுவானை அரங்கு வகுக்காமல் வட்டாடுவானுக்கு ஒப்பிடுகின்றது. பரிமேலழகர் வட்டாடலை உண்டையுருட்டல் என விளக்கி, மேற்கூறிய நற்றிணைப் பகுதியையே சான்றாகக் காட்டுவர். மூன்றாவது புறநானூற்றின் ஐம்பத்திரண்டாம் பாட்டு. மருதன் இளநாகனார் பாடியது. பகைவர் நாடு பாழ்பட்ட நிலையைச் சொல்ல வந்த புலவர், தெய்வம் நீங்கிய பொதியிலைக் காட்டுகின்றார். நரைத்த முதியோர் நாள்தோறும் காய்களை வைத்து வைத்துக் குழிந்துபோன இடத்தில் இப்பொழுது காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. ஓர் ஊர் அழிந்தது என்பதற்கு மன்னன் கோயில் இடிந்ததைச் சொல்லாமல் கிழவர்கள் ஆடிய குழியைச் சொன்ன அப்புலவரின் உள்ளத்தை யாம் வியக்கின்றோம்.

இம்மூன்றாலும் கேரம் ஆட்டம் சங்ககால வட்டாட்டத்தின் வழிவந்தது என நிறுவ முயல்வோமாயின் அது நேர்மையாகாது. அத்தகைய முயற்சிகள் நம் துறையில் மிகுதி. அவற்றுள் ஒன்றைக் கூட்டுவது எம் நோக்கமன்று. கேரம் என்னும் சொல்லே கடல்கடந்து திரிந்து வந்த சொல். பில்லியர்ட்சு ஆட்டத்தில் ஒரு பந்து மற்றொன்றில் மோதித் தெறித்தலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லினின்று இது வந்தது என்றும், அச்சொல்லுக்கு மூலம் கரம்போலா என்னும் பழப்பெயர் என்றும், அதனைப் போர்ச்சுக்கீசியர் மராத்தி மொழியினின்று கொண்டனர் என்றும் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். நம் ஊரில் நட்சத்திரப்பழம் என்பது அதுவே. நற்றிணைச் சிறுவரின் வட்டும் நெல்லிக்காய். இற்றை ஆட்டத்தின் பெயரிலும் ஒரு பழம். நாம் தாயத்திலும் சதுரங்கத்திலும் கேரத்திலும் நகர்த்துவனவற்றைக் காய் என்றே வழங்குகின்றோம். இவ்வொற்றுமையைக் கண்டு மகிழலாம்; இதன்மேல் மாளிகை கட்டுதல் ஆகாது.

ஆட்டத்தின் அமைப்பை அறியாதார்பொருட்டுச் சில சொல்லுதும். அனைத்துலகக் கேரம் கூட்டமைப்பு 1988 அக்டோபரில் சென்னையில் தோன்றியது. அதன் விதிப்படி ஆடுதளம் 74 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம். நான்கு மூலையிலும் 4.45 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழிகள். வெள்ளைக் காய் 9, கறுப்புக் காய் 9, சிவப்பு 1. அடிக்கும் காயாகிய ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படலாகாது. தன் நிறக் காய்கள் அனைத்தையும் முதலில் குழியில் வீழ்த்துவோர் அச்சுற்றை வெல்வர். எதிரியின் எஞ்சிய காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. சிவப்பை வீழ்த்தியவர் அடுத்து உடனே தம் காய் ஒன்றையும் வீழ்த்தினால்தான் அச்சிவப்பு அவருடையதாகும்; இல்லையேல் அது மீண்டும் நடுவிற்கு வரும். சிவப்பிற்கு 3 புள்ளி. ஆனால் 22 புள்ளியை எட்டியவர்க்கு அம்மூன்று கிடையாது. 25 புள்ளி அல்லது 8 சுற்று என்பது ஓர் ஆட்டத்தின் எல்லை. முன்னே செல்வோனுக்குச் சிவப்பின் பயனை மறுத்துப் பின்தங்கியவனுக்கு அதனை விட்டுவைக்கும் அவ்விதி, நண்பர் கூடி ஆடும் ஆட்டத்தின் இயல்பறிந்த ஒருவர் செய்தது என்றே கருதுகின்றோம்.

இருவர் இருவராய் ஆடுங்கால் துணைவர் எதிரெதிரே அமர்வர். துணைவர் ஒருவர்க்கொருவர் குறிப்புச் சொல்லுதல் போட்டியில் குற்றம். எனவே துணைவன் எண்ணுவதை அவன் விட்டுவைத்த காயின் நிலையைக் கொண்டே உணர்தல் வேண்டும். பல்லாண்டு உடனாடியோர்க்கு அது கைவரும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலியை ஒருவர் கொள்ள, பதினைந்து ஆட்டை மற்றொருவர் கொண்டு வளைப்பர்; சதுரங்கமோ நால்வகைப் படையின் போர். அவை இரண்டும் இருவர்தம் அறிவுப் போர். கேரம் பலகையிலோ நால்வர்க்கு இடம் உண்டு. சூழ நிற்போர்க்கும் அடுத்த முறை உண்டு.

இவ்வாட்டம் வடசென்னையில் வேரூன்றியதற்குக் காரணம் நிலமும் தொழிலும் என்பது எம் கருத்து. இராயபுரம் இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. பின்னர்த் துறைமுகமும் ஆலைகளும் எழுந்தன. பெரம்பூரை அடுத்த பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் தோன்றியதை வரலாறு அறிவோர் அறிவர். விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் மோட்டார் நிறுவனமும், 1955இல் திருவொற்றியூரில் என்பீல்டு தொழிற்சாலையும், 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையமும் வந்தன. முறை வைத்து வேலை செய்யும் ஊர்களில் ஒருவன் உறங்கும்போது மற்றொருவன் விழித்திருப்பான். பதினொருவர் ஒருங்கே கூடுதற்கு நேரமும் இல்லை, திடலும் அரிது. நால்வர் கூடுதற்கு எந்நேரமும் இயலும். ஒரு பலகையும் அதன்மேல் தாழத் தொங்கும் ஒரு விளக்கும் இருந்தாற் போதும். மழை நாளிலும் ஆடலாம். அவ்வாலை 1996இல் மூடப்பட்டது. அவ்வனல்மின் நிலையம் 2017இல் நின்றது. ஆலைகள் போயினும் பலகைகள் போகவில்லை. இளநாகனார் காட்டிய பாழ்நிலத்திற்கும் இந்நிலத்திற்கும் வேறுபாடு அதுவே.

இனிச் சொற்களுக்கு வருவோம். சட்டநூல் சிவப்பிற்குப் பின் வீழ்த்த வேண்டிய காயைக் கவர் என்று ஆங்கிலத்தில் வழங்குகின்றது. நம் தெருக்களிலோ அது பாலோ. சிவப்பு ரெட். ரெட் போட்டுப் பாலோ போடுதல் என்பதே வழக்கு. தவறிழைத்தால் கொடுக்கும் காய் பைன். பெயர்கள் கடனாக வந்தவை என்பது வெளிப்படை. ஆயின் அவற்றை முடிக்கும் வினை தமிழ் வினையே. போடு என்னும் அவ்வொரு வினை, வீழ்த்துதல், பெறுதல், முடித்தல் ஆகிய மூன்று பொருளையும் தாங்கி நிற்கின்றது. மேலும், பாலோ என்பது ஆங்கிலத்தில் வினையாக நிற்கும் சொல். வடசென்னையில் பெயராகி, வேற்றுமை ஏற்று, பாலோவை விட்டான், பாலோவுக்கு வழியில்லை என்றெல்லாம் வழங்குகின்றது. தனித்தமிழ் விழைவோர் கேரத்தைச் சுண்டாட்டம் என்பர். அழகிய ஆக்கம், யாமும் அதனை வெறுக்கவில்லை. ஆனால் மன்றங்களில் யாம் ஒருமுறையேனும் அச்சொல்லைக் கேட்டிலேம். வல்லநாய் என்னும் வடிவைத் திருத்தாமல் ஏற்ற ஆசிரியர் இன்றிருந்தால் பாலோவையும் குறித்துக்கொண்டிருப்பார் என நம்புகின்றோம். இத்தகைய சொற்களைத் தெருத்தெருவாகத் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர் செய்யத்தக்க பணி.

அரங்கு என்னும் சொல்லைப் பற்றி ஒன்று கூறவேண்டும். இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்குக் காரணமே அதுதான். குறள் அரங்கின்மையைக் கல்லாதான் குறைக்கு உவமையாக்கிற்று. அரங்கு மறுக்கப்பட்டவர் நிலை என்ன? நற்றிணையில் வட்டாடுவோர் சிறுவர். புறநானூற்றில் பொதியிலில் ஆடுவோர் முதியோர். மகளிர்க்குச் சங்க நூல்கள் தருவன கழங்கும் பந்தும் ஊசலும் வண்டலும். பின்னாளில் பல்லாங்குழியும் தாயமும் வீட்டினுள்ளே அவர்க்கு உரியவாயின. பொதுவிடத்து ஆட்டம் ஆடவர்க்கு, அகத்து ஆட்டம் மகளிர்க்கு என்னும் பகுப்பு அத்துணைத் தொன்மையது. திருவொற்றியூரில் வளர்ந்த எமக்கு அப்பகுப்பு ஏட்டறிவன்று. எம் தெருமுனை மன்றத்தைப் பள்ளி செல்லுந்தோறும் கடந்தோம். காய்கள் மோதும் ஒலியைக் கேட்டோம். பெண்ணாதலின் பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நாளும் படியேறிலேம். ஏறலாகாது என்று எவரும் சொன்னதுமில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

அந்நிலை மாறியதற்குச் சான்று வெற்றிப் பட்டியலில் உள்ளது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக வாகையர் ஆனார். 1996ஆம் ஆண்டிற்குரிய அருச்சுனா விருது பெற்றார். கேரம் ஆட்டத்திற்கு அவ்விருது வந்தது அதுவே முதன்முறை. பின்னர் வியாசர்பாடியிலிருந்து இளவழகி என்னும் பெண் எழுந்தார். உழைத்துண்ணும் எளிய குடும்பத்தினர். 2008இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஆறாம் உலகக் கோப்பையில், புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த பதினேழு வயதுக் காசிமா, தனியர், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் பொற்பதக்கம் பெற்றார். அவர் தந்தையார் ஆட்டோ ஓட்டுநர். ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டுகளிலும் இடம்பெறாத ஆட்டம் இது. 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது சாலைகளும் பாலங்களும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் பொலிந்தன. அது தகும். கேரத்துக்கு அப்பொலிவில்லை; இவ்வெற்றிகளை ஆக்கியவை தெருமுனைப் பலகைகளும் தம் பெண்ணை அவற்றின்முன் அமர்த்திய பெற்றோரும். 2018இல் வெளிவந்த வடசென்னை என்னும் திரைப்படம் கேரம் ஆடும் இளைஞனைத் தலைவனாக்கிற்று, நன்று. ஆயின் அதனைக் கண்டோர் பலர் இவ்வாட்டத்தைச் சிறைக்கும் கத்திக்கும் அண்டை வீடாகவே எண்ணிவிட்டனர். அவ்வெண்ணத்தால் ஒரு தந்தை தன் மகளை மன்றத்துக்கு அனுப்ப அஞ்சுவானாயின் இழப்பு பெரிது.

அண்மையில் ஒரு மாலை, மாணவியர் சிலருடன் இராயபுரத்து மன்றம் ஒன்றுக்குச் சென்றோம். எம் வாழ்வில் முதன்முறையாகப் படியேறினோம். பலகையின் அடிக்கோட்டருகே பல்லாயிரம் முறை ஸ்ட்ரைக்கர் வைத்து வைத்து மெருகு தேய்ந்து வெளுத்திருந்தது. புறநானூற்றுக் குழி எம் நினைவுக்கு வந்தது. துறைமுக வேலை முடித்து வந்த ஒருவரும் முதியவர் ஒருவரும் ஒருபுறம். எதிர்ப்புறம் கல்லூரி இளைஞன் ஒருவன், அவனுக்குத் துணையாகப் பத்து வயதுச் சிறுமி. அடிக்கையில் இருக்கையை விட்டு எழலாகாது என்பது விதி. சிறுமிக்கோ கை எட்டவில்லை. மூன்றாம் சுற்றில் அவள் விரல் கறுப்புக் காய் ஒன்றில் பட்டு அது சற்றே நகர்ந்தது. யாம் கண்டிலேம், எதிரே இருந்தோரும் கண்டிலர். அவளே, "பைன், தாத்தா" என்று தன் காய் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தாள். முதியவர் ஒன்றும் பேசவில்லை. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை இழுத்து, அவளை எழச்சொல்லி, அவள் அமர்ந்திருந்ததன்மேல் அதனை ஏற்றி வைத்தார். அடுத்த அடியில் அவள் ரெட் போட்டாள். பாலோவுக்குக் காய் மூலையை ஒட்டிக் கிடந்தது. மன்றம் முழுவதும் அவள் விரலையே நோக்கி நின்றது.