பொது விஞ்ஞான விரிவுரைகள்: வீட்டிலிருந்தே, கட்டணமின்றி

பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் பொதுமக்களுக்காக நடத்தும் விஞ்ஞான விரிவுரைகளில் பல, காணொளிகளாக இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றைப் பார்ப்பதற்கு மாணவராக இருக்க வேண்டியதில்லை. கல்விச் சான்றிதழோ முன்பதிவோ தேவையில்லை. பார்க்கத்தக்க சில விரிவுரைகளையும், அவற்றைத் தெரிவுசெய்து பயன்படுத்தும் முறையையும் இப்பக்கம் விளக்குகின்றது.

இவை யாருக்கு உரியவை?

இத்தகைய உரைகள் உயர்கல்வி பெற்றவர்களுக்கே உரியவை என்று கருதி விலகி நிற்போர் உண்டு. பொது விரிவுரையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. மைக்கேல் பரடே ஒரு கொல்லரின் மகன். இலண்டனில் புத்தகம் கட்டும் தொழிலைப் பழகிய பயிலுநர். 1812ஆம் ஆண்டில், கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த அனுமதிச்சீட்டுகளுடன், ரோயல் இன்ஸ்டிடியூஷன் என்ற நிறுவனத்தில் ஹம்பிரி டேவி நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டார். கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, தாமே நூலாகக் கட்டி, டேவிக்கு அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டே அங்கு ஆய்வுகூட உதவியாளரானார். 1831இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்ற தத்துவத்தின்படியே இன்று அல்ப்ஸ் மலைகளின் நீர்மின் நிலையங்கள் மின்சாரம் உற்பத்தி செய்கின்றன.

இந்நாட்டில் கட்டாயக் கல்வியை முடிக்கும் இளையோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தொழிற்பயிற்சியையே தெரிவுசெய்கின்றனர். பிள்ளை கிம்னாசியம் செல்லவில்லை என்பதால் விஞ்ஞானத்தின் கதவு அவருக்கு மூடப்பட்டுவிட்டதாகப் பெற்றோர் கருத வேண்டியதில்லை. தொழில்சார் மத்துறாத் தேர்வில் சித்தியடைவோர் பிரயோக விஞ்ஞானங்களுக்கான உயர்கல்லூரிகளில் தொடர்ந்து கற்கலாம். அதற்கு வேண்டிய ஆர்வம் வீட்டிலேயே தோன்றலாம்.

மேலும், இந்நாட்டின் உயர்கல்வி நிறுவனங்கள் பெரும்பாலும் பொதுநிதியில் இயங்குபவை. நாம் செலுத்தும் வரியும் அதில் அடங்கும். எனவே, அவற்றின் பொது விரிவுரைகளைக் கேட்பது எவரிடமும் பெறும் சலுகை அன்று.

சுவிற்சர்லாந்தில் கிடைப்பவை

சேர்ன்: ஜெனீவாவுக்கு அருகே, 1954இல் நிறுவப்பட்ட துகள் இயற்பியல் ஆய்வு மையம். இன்று நாம் பயன்படுத்தும் உலகளாவிய வலை இங்கேயே உருவானது. டிம் பேர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த அதனை, 1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. 2012 ஜூலை 4 அன்று, ஹிக்ஸ் துகளுக்கு இசைவான புதிய துகள் கண்டறியப்பட்டமையை அறிவித்த அமர்வின் பதிவு இணையத்தில் உள்ளது. உரை கடினமானது, எனினும், 1964இல் தாம் கணித்தது மெய்யானதைக் கேட்டுப் பீற்றர் ஹிக்ஸ் கண்களைத் துடைத்துக்கொள்ளும் காட்சி எவருக்கும் விளங்கும்.

ஈ.ரி.எச். சூரிச்: புதிய பேராசிரியர்கள் தமது துறையைப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்யும் தொடக்க உரைகளையும், ஓய்வுபெறுவோரின் பிரியாவிடை உரைகளையும் எவரும் கேட்கலாம். அவற்றுள் பலவற்றின் பதிவுகள் இந்நிறுவனத்தின் காணொளித் தளத்தில் உள்ளன. ஜேர்மன் மொழி கற்போருக்கு இவை நல்ல பயிற்சியாகவும் அமையும்.

பேர்ண் பல்கலைக்கழகம்: அல்பேர்ட் ஐன்ஸ்டைன் கழகத்துடன் இணைந்து 2009 முதல் ஐன்ஸ்டைன் விரிவுரைகளை நடத்துகின்றது. இயற்பியலும் வானியலும், கணிதம், மெய்யியல் ஆகியவை மாறிமாறிப் பொருளாக அமையும். 1905இல் தமது புகழ்பெற்ற கட்டுரைகளை எழுதியபோது, ஐன்ஸ்டைன் இந்நகரின் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

பிற நாட்டு விரிவுரைகள்

ரோயல் இன்ஸ்டிடியூஷன் 1825இல் தொடங்கிய நத்தார் விரிவுரைகள் சிறுவர்களுக்கானவை. இரண்டாம் உலகப்போர்க் காலம் நீங்கலாகத் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன. முதலிற் பார்ப்பதற்கு, 1977இல் கார்ல் சேகன் கோள்களைப் பற்றி ஆற்றிய தொடர் உகந்தது. பரடே தாமே இம்மேடையில் மெழுகுவர்த்தி ஒன்றைக் கொண்டு ஒரு தொடர் முழுவதையும் நிகழ்த்தினார். அவர் காட்டிய சோதனையை, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில், வீட்டிலும் செய்யலாம். மெழுகுவர்த்தியை அணைத்தவுடன் எழும் வெண்புகைக்கு அருகே எரியும் தீக்குச்சியைக் கொண்டுசென்றால், சுடர் திரிக்குத் தாவும். சுடராக எரிவது ஆவியாகிய மெழுகே என்பது இதனால் புலனாகும்.

ரிச்சர்ட் ஃபெயின்மன் 1964இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய ஏழு உரைகள், இயற்கை விதி என்றால் என்ன என்பதை விளக்குபவை. முதலாவது உரை ஈர்ப்பு விதி பற்றியது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார். நமது உயிரணுக்களில் புரதத்தை ஆக்கும் ரைபோசோம் பற்றிய அவருடைய உரையை நோபல் பரிசின் இணையத்தளத்தில் காணலாம். இவ்வுரைகள் ஆங்கிலத்தில் அமைந்தவை.

தமிழில்

தமிழில் விஞ்ஞானம் பேசுவது புதிய முயற்சி அன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். இன்று, 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரையின் தமிழ் உரைகள் பல இணையத்தில் உள்ளன. அவர் பள்ளிக்கல்வியைத் தமிழ்வழியிற் பயின்றவர்.

மொழி தடையாக இருப்பின்

யூடியூப்பில் பற்சக்கரக் குறியை அழுத்தி, சப்டைட்டில் எனப்படும் வசனவரிகளை இயக்கலாம். பல காணொளிகளில் அவற்றைத் தமிழுக்குத் தானாக மொழிபெயர்க்கும் வசதியும் உண்டு. இம்மொழிபெயர்ப்பு கலைச்சொற்களிற் பிழைபடக்கூடும். பொதுப்பொருளை அறிவதற்கு மட்டும் அதனைப் பயன்படுத்துங்கள். அதே குறியில், உரையின் வேகத்தையும் குறைக்கலாம்.

பிள்ளைகள் விஞ்ஞானத்தை ஜேர்மன் மொழியிற் கற்கின்றனர். பெற்றோருக்கு அம்மொழி போதாதபோது, பாடங்களைப் பற்றிய பேச்சே வீட்டில் அற்றுப்போகின்றது. வாரத்தில் ஒரு நாள் இருபது நிமிடம் சேர்ந்து பாருங்கள். இடையில் நிறுத்தி, கேட்டதைத் தமிழில் விளக்குமாறு பிள்ளையிடம் கேளுங்கள். சொல் கிடைக்காதபோது இருவருமாகத் தேடுங்கள். பிள்ளைக்குப் பாடம் தெளிவாகும். உங்களுக்கு அவரது பாடம் அந்நியமாக இராது.

தெரிவுசெய்யும்போது கவனிக்க வேண்டியவை

• காணொளியை வெளியிட்டவர் யார்? பல்கலைக்கழகத்தின் அல்லது ஆய்வு நிறுவனத்தின் சொந்தப் பக்கமா என்று பாருங்கள்.
• பேசுபவர் தமது துறையைப் பற்றியே பேசுகின்றாரா?
• உரை நிகழ்ந்த ஆண்டு எது? மருத்துவம் போன்ற துறைகளில் பழைய தகவல்கள் மாறியிருக்கலாம்.
• உரையின் முடிவில் ஏதேனும் மருந்தோ பொருளோ விற்கப்படுகின்றதா? ஆயின், அது பொது விரிவுரை அன்று.

உடல்நலம் பற்றிய எந்த உரையும் உங்கள் குடும்ப மருத்துவரின் ஆலோசனைக்கு ஈடாகாது. உரையைக் கேட்டு மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

வீட்டில் இணைய வசதி இல்லாதோர் பொது நூலகங்களை நாடலாம். பல நூலகங்களில் கணினிகளைப் பயன்படுத்த வசதி உண்டு. காதணிக் கருவியை உடன் கொண்டுசெல்லுங்கள்.