நாய் பிடிக்கிற வேலையா?

வடாலாவிலோ ஆன்டாப் ஹில்லிலோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் மிருக ஆஸ்பத்திரியில் உதவியாளனாகச் சேர விரும்பினால், வீட்டில் எழும் முதற்கேள்வி, “ஊரில் மாடு மேய்த்தது போதாதென்றா பம்பாய்க்கு வந்தோம்?” என்பதே. லாபானிடத்தில் யாக்கோபு இருபது வருஷம் செய்த வேலை வேறென்ன? வெயிலிலும் குளிரிலும் விழித்திருந்து, ஆடுகளின் சினை சிதையாமல் காத்ததையே அவன் தன் உண்மைக்குச் சாட்சியாகச் சொன்னான் (ஆதியாகமம் 31).

நமக்கு அருகேயுள்ள பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக மருத்துவமனை 1883 முதல் நடைபெறுகிறது. பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் 1886-இல் அங்கேதான் தோன்றியது. 2024-இல் டாடா அறக்கட்டளையினர் மகாலட்சுமியில் சிறுபிராணிகளுக்கென்று ஒரு மருத்துவமனையைத் திறந்தனர். தெருமுனைக் கிளினிக்குகளோ பல. டாக்டர் தனியாக எதையும் செய்துவிட முடியாது.

உதவியாளனின் நாள் கூண்டு கழுவுவதில் தொடங்குகிறது. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. பின்பு கருவிகளைக் கொதிநீராவியில் சுத்திகரிப்பதும், குளுக்கோஸ் ஏறும் நரம்பு வீங்குகிறதா என்று பார்ப்பதும், காய்ச்சலை அளந்து குறிப்பதும் அவன் பொறுப்பு. ஆரோக்கியமான நாயின் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்னும் அளவு அதற்கு இயல்பு. எல்லாவற்றிலும் கடினமானது, நோகாமலும் கடிபடாமலும் பிராணியைப் பிடிப்பது. கட்டுத்துணியால் வாயைக் கட்டும் முடிச்சைக் கற்கவே நாட்களாகும். உரிமையாளரிடம் மராத்தியிலும் இந்தியிலும் பேச வேண்டும்; மருந்துச் சீட்டோ ஆங்கிலத்தில் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு இது பாரமல்லவே!

சான்றிதழ் விஷயத்தில் கவனமாயிருங்கள். 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே, தடுப்பூசி, காயங்கட்டுதல் போன்ற சிறு பணிகளை உதவியாளருக்கு அனுமதிக்கிறது. அதற்கும் மாநில அரசின் உத்தரவும், ஏதேனும் ஒரு மாநிலத்தின் கால்நடைப் பராமரிப்பு இயக்ககமோ ஒரு கால்நடை மருத்துவ நிறுவனமோ வழங்கிய டிப்ளமா அல்லது சான்றிதழும் தேவை. தனியார் குறுகியகாலப் பயிற்சி வேலையைக் கற்றுத்தரலாம். அந்த உரிமையைத் தராது. ஆகவே பணம் கட்டுமுன், முத்திரை யாருடையது என்று கேளுங்கள். சில வருஷம் சென்றபின் அக்கம்பக்கத்தார் “டாக்டர்” என்றழைத்து, நூறு ரூபாய் நீட்டி ஊசி போடச் சொல்லுவார்கள். அந்தச் சோதனையைக் குறித்து மகனிடம் இப்பொழுதே பேசிவிடுங்கள்.

வெறிநோயைக் குறித்தும் சொல்ல வேண்டும். எச்சில் வடிய, விழுங்க இயலாமல் நிற்கும் நாயைக் கண்டு, தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வெறுங்கையை வாயினுள் விடுகிறவர்கள் உண்டு. அது வெறிநோயாகவும் இருக்கலாம். நோய்க்குறி மனிதனுக்குத் தோன்றிவிட்டால் மருத்துவத்தில் ஏறக்குறைய வழியே இல்லை. விசுவாசத்தின் பேரால் ஊசியைத் தள்ளிப்போடுவோர் நம் சபைகளிலும் இருப்பதால் இதை அழுத்தமாக எழுதுகிறேன். வேலையில் சேருமுன் முதல் நாள், 7-ஆம் நாள், 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளட்டும். அதன்பின்பும் கடிபட்டால், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மீண்டும் இரண்டு ஊசிகள் தேவைப்படும். இந்தச் செலவு யாருடையது என்பதை நேர்முகத்திலேயே கேட்டுவிடலாம். அதில் வெட்கமில்லை.