சுடுதண்ணீர் வரவில்லையா? முதலில் மீற்றரைப் பாருங்கள்

கடந்த மாரியில் கிழக்கு லண்டனில் ஒரு தமிழ்க் குடும்பம் மூன்று கிழமையாகக் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, வாளியில் கலந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "நீங்கள்தான் பழுதாக்கியிருக்கிறீர்கள், தாங்கி முழுவதும் மாற்றவேண்டும், அரைவாசிக் காசு நீங்கள் தரவேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டை விட்டு எழுப்பிவிடுவாரோ என்ற பயத்தில் இவர்களும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பழுதாகியிருந்தது தாங்கி அல்ல. அதற்குள் இருந்த ஒரு கம்பி. ஒரு மின்தொழிலாளி ஒரு பிற்பகலில் மாற்றிவிட்டுப் போன சாமான்.

கிணற்றடியில் அள்ளி வார்த்துக் குளித்த எங்களுக்கு இந்தத் தாங்கி புதிய விடயம். ஊரில் பிள்ளைப்பெற்ற வீட்டிலோ காய்ச்சல்காரருக்கோதான் அடுப்பில் தண்ணீர் சுடவைப்போம். இங்கே காஸ் பொயிலர் இல்லாத பழைய பிளாற்றுகளிலும், மாடி வீடுகளிலும், அலுமாரிக்குள் ஒரு செப்புத் தாங்கி நிற்கும். உடுப்புக் காயவைக்கும் அலுமாரி என்று பலர் நினைத்திருப்பது அதைத்தான். தாங்கிக்குள் ஒரு நீண்ட சூடாக்கும் கம்பி, அதாவது எலிமென்ற், இறங்கியிருக்கும். இதுதான் இமேர்சன் ஹீற்றர். கேத்தலுக்குள் இருக்கும் கம்பியும் இதுவும் ஒரே சாதிதான்; இது பெரியது, அவ்வளவே. பக்கத்தில் ஒரு தேர்மோஸ்ரற் இருக்கும். தண்ணீர் குறித்த சூட்டுக்கு வந்ததும் மின்சாரத்தைத் தானே நிறுத்துவது அதன் வேலை.

பெரும்பாலான எலிமென்ற்றுகள் 3 கிலோவாற். ஒரு மணித்தியாலம் எரிந்தால் 3 யூனிற். 120 லீற்றர் தாங்கியை 10 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 7 யூனிற்றும் இரண்டேகால் மணித்தியாலத்துக்குச் சற்று மேலும் பிடிக்கும். அரை மணித்தியாலம் போட்டுப் பார்த்துவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களும் எங்களில் உண்டு. அது பழுதல்ல, பொறுமையின்மை.

தாங்கிக்கு அருகே சுவரில் சிவப்பு வெளிச்சத்துடன் ஒரு பெரிய சுவிச் இருக்கும். அந்த வெளிச்சம் எரியவில்லை என்றால், மெயின் பெட்டியில் ஹீற்றருக்குரிய சுவிச் விழுந்திருக்கிறதா, பழைய பெட்டியென்றால் பியூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். நேரம் வைக்கும் கருவி பூட்டியிருந்தால் அதன் மணிக்கூடு சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் போய்வந்தாலோ கோடை நேரம் மாறினாலோ சில கருவிகள் குழம்பிவிடும். சில வீடுகளில் இரண்டு எலிமென்ற் உண்டு. கீழே உள்ளது இரவு மலிவு மின்சாரத்தில் தாங்கி முழுவதையும் சூடாக்கும். மேலே உள்ளது பகலில் அவசரத்துக்கு. கீழுள்ளதற்குப் பகலில் மின்சாரமே வராமல் இருக்கலாம். அதனால் பகலில் சோதிப்பதென்றால் மேலுள்ளதைச் சோதியுங்கள்.

வெளிச்சம் எரிகிறது, தண்ணீர் சூடாகவில்லை. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சிவப்பு வெளிச்சம் சொல்வது சுவிச்சைத் தாண்டி மின்சாரம் வந்திருக்கிறது என்பதை மட்டுமே. எலிமென்ற் வேலை செய்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியது மீற்றர்.

சோதனை இதுதான். வெந்நீர்க் குழாயைத் திறந்து சூடு முழுவதும் போகும்வரை ஓடவிடுங்கள். தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்தால் தேர்மோஸ்ரற் மின்சாரத்தை நிறுத்தி வைத்திருக்கும், சோதனை பிழைக்கும். பிறகு வீட்டில் அடுப்பு, கேத்தல், ஹீற்றர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். குளிர்சாதனப்பெட்டியையும் பத்து நிமிடம் நிறுத்தினால் நல்லது. மீற்றரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுங்கும். பக்கத்தில் ஒரு யூனிற்றுக்கு 1000 துடிப்பு என்று எழுதியிருந்தால், 3 கிலோவாற் ஹீற்றர் எரியும்போது அது நிமிடத்துக்கு 50 தடவை மினுங்கவேண்டும். இமேர்சன் சுவிச்சைப் போட்டு, கையில் மணிக்கூட்டுடன் ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஐம்பதுக்கு அண்மையில் வந்தால் எலிமென்ற் எரிகிறது. குறை நேரக்கணக்கிலோ, தேர்மோஸ்ரற் குறைத்து வைத்திருப்பதிலோ, வேறெங்கோ. சுவிச் போட்டதும் போடாததும் ஒன்றாக இருந்தால் மின்சாரம் எலிமென்ற்றுக்குள் போகவேயில்லை. எலிமென்ற் அறுந்திருக்கும், அல்லது தேர்மோஸ்ரற் திறந்தபடி நின்றுவிட்டது. புதுவிதமான மீற்றருடன் வரும் சிறு திரை இருந்தால் எண்ணவும் தேவையில்லை, அது கிலோவாற்றிலேயே காட்டும். மேலே சொன்ன குடும்பத்தின் மீற்றர் அசையவேயில்லை.

சுவிச் போட்ட உடனோ, சற்று நேரத்தின் பின்னோ, ஊரில் நாங்கள் 'ட்ரிப் சுவிச்' என்று சொல்லும் ஆர்.சி.டி. விழுகிறதா? எலிமென்ற்றின் உறை வெடித்து மின்சாரம் தண்ணீருக்கும் நிலத்துக்கும் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்பத் தூக்கிவிடவேண்டாம். அந்தச் சுவிச் உங்கள் உயிரைக் காப்பதற்காகத்தான் விழுகிறது. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலுக்குள் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சுண்ணாம்பு எலிமென்ற்றிலும் கட்டிபட்டு, சூடு வெளியேறாமல் கம்பியே எரிந்துபோகிறது. வாடகைக்காரர் "பழுதாக்கியது" என்று பழி சுமத்தப்படுவதில் அனேகம் இந்தச் சுண்ணாம்பின் வேலைதான்.

மூடியைக் கழற்றிப் பார்ப்பது மின்வேலை படித்தவருக்கு மட்டும். அவர் மெயின் பெட்டியில் நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று கருவியால் உறுதிசெய்து, வயரைக் கழற்றி ஓம் பார்ப்பார். 3 கிலோவாற் எலிமென்ற் நல்லதென்றால் 18 ஓம் அளவில் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. எலிமென்ற்றுக்கும் நிலக்கம்பிக்கும் இடையில் தொடர்பு காட்டினால் கசிவு. தேர்மோஸ்ரற் குளிர்ந்திருக்கும்போது தொடர்பு காட்டவேண்டும். இப்போது விற்கப்படுபவற்றில், தண்ணீர் மிதமிஞ்சிச் சூடானால் தானே விழும் ஒரு பாதுகாப்புப் பொத்தானும் உண்டு. அது ஒருமுறை விழுந்தால் அமத்திவிடலாம். மறுபடி விழுந்தால் தேர்மோஸ்ரற்றையே மாற்றவேண்டும்.

தண்ணீர் சூடாகாதது தொல்லை. மிதமிஞ்சிச் சூடாவதுதான் ஆபத்து. பழைய தேர்மோஸ்ரற் மூடியபடி ஒட்டிக்கொண்டால் ஹீற்றர் நிற்காமல் எரியும். தாங்கி கேத்தல் போல இரையும், குளிர்தண்ணீர்க் குழாயிலும் சுடுதண்ணீர் வரும், கூரைக்குக் கீழுள்ள பிளாஸ்ரிக் தாங்கியிலிருந்து ஆவி பறக்கும். கொதிநீர் மேலேறி அந்தப் பிளாஸ்ரிக் தாங்கியை இளக்கிவிடும். 2006இல் இங்கிலாந்தின் ரோன்ரன் நகரில் அப்படி இடிந்து கொட்டிய கொதிநீரில், கீழே அறையில் படுத்திருந்த ஒரு கைக்குழந்தை இறந்தது. "இந்த வீட்டில் நல்ல சூடாகத் தண்ணீர் வருகிறது" என்று சந்தோசப்பட்ட ஒரு வீட்டில் நானே அந்த இரைச்சலைக் கேட்டிருக்கிறேன். கேட்டால் உடனே சுவிச்சை நிறுத்துங்கள். மேலே தாங்கி இருக்கும் அறையில் யாரையும் படுக்கவிடவேண்டாம். அன்றே வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். தேர்மோஸ்ரற் இருக்கவேண்டியது 60 பாகையில். அதைவிட நன்றாகக் குறைத்தால் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி வளரும். 60 பாகைத் தண்ணீரே பிள்ளையின் தோலைச் சில விநாடிகளில் வேகவைத்துவிடும் என்பதால் தொட்டியில் குளிர்தண்ணீரை முதலில் விடுங்கள்.

காசு விடயம். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர், வாடகைக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, 7 ஆண்டுக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில் தண்ணீர் சூடாக்கும் சாதனத்தைத் திருத்திவைப்பது வீட்டுக்காரரின் கடமை. வாடகைக்காரர் வேண்டுமென்றோ கவனயீனத்தாலோ உடைத்தால்தான் கதை வேறு. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. வாயால் மட்டும் சொல்லவேண்டாம். திகதி போட்டு எழுதுங்கள்: எப்போதிலிருந்து சுடுதண்ணீர் இல்லை, சிவப்பு வெளிச்சம் எரிகிறதா, மீற்றர் எத்தனை தடவை மினுங்கியது. ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பகுதிக்கு அந்தப் பிரதியுடன் போகலாம்.

அந்தக் குடும்பமும் அப்படித்தான் ஒரு கடிதம் எழுதியது. பள்ளிக்கூடம் போகும் மூத்த மகள்தான் எழுதிக்கொடுத்தாள். ஒன்பதாம் நாள் மின்தொழிலாளி வந்தார். சுண்ணாம்பு மூடிய பழைய எலிமென்ற்றைக் கழற்றி வெளியே வைத்தபோது, அது கடற்கரையில் ஒதுங்கிய பவளக்கல் போலிருந்தது. அரைவாசிக் காசைப்பற்றி வீட்டுக்காரர் பிறகு பேசவில்லை.