கூடும் வெப்பமும் கொசுவும்: வீட்டுச் செடிகளையும் கவனியுங்கள்

கொசுவின் உணவு இரத்தம் மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பூந்தேனும் தாவரச் சாறுமே அதற்கு ஆற்றல் அளிப்பவை. ஆண் கொசு இரத்தம் குடிப்பதே இல்லை. பெண் கொசு முட்டைகளை வளர்ப்பதற்காகவே நம்மைக் கடிக்கிறது.

வடசென்னையில் வாழ்வோர் மூவகைக் கொசுக்களை அறிந்திருத்தல் நன்று. பக்கிங்காம் கால்வாய் போன்ற கழிவுநீர் கலந்த நீர்நிலைகளில் கியூலெக்ஸ் பெருகுகிறது. அங்குப் படரும் ஆகாயத்தாமரை நீரோட்டத்தைத் தடுப்பதுடன், கொசுப்புழுக்களை மீன்களிடமிருந்து மறைத்தும் காக்கிறது. இக்கொசு யானைக்கால் நோயைப் பரப்பவல்லது. மூடப்படாத கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளரும் அனாபிலிஸ் வகை, மலேரியாவைப் பரப்புகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ நம் வீட்டிற்குள்ளேயே வளர்கிறது. பூந்தொட்டியின் அடித்தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், தண்ணீர் டிரம், பழைய டயர் ஆகியவை அதற்குப் போதுமானவை.

பருவநிலை மாற்றம் இங்கு எவ்வாறு குறுக்கிடுகிறது? கொசுவின் வயிற்றை அடைந்த டெங்கு வைரஸ், அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டிய பின்னரே பிறருக்குப் பரவும். இதற்கு 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சராசரியாக 15 நாட்கள் ஆகும். 30 டிகிரியிலோ ஏறத்தாழ ஒரு வாரமே போதும். கொசுவின் ஆயுள் சில வாரங்களே என்பதால், இவ்வேறுபாடு மிகப் பெரிது. மேலும், வெப்பம் 1 டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும். அதனால் பெருமழை மேலும் கடுமையாகிறது. மழை பொய்த்த காலத்திலோ, நாம் டிரம்களில் சேமிக்கும் நீரே கொசுவுக்கு இடமாகிறது.

ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு டெங்கு இருப்பின், காய்ச்சல் உள்ள நாட்களில் பகலிலும் அவரைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசு பிறருக்கும் நோயைக் கொண்டு செல்லும். ஆஸ்பிரின், இபுபுரூபன் மாத்திரைகளைத் தாமாகக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் தணியும் நாளில்தான் ஆபத்து தொடங்கக்கூடும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக்கசிவு, மயக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், இரவு நேரமாயினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.