மன்னாரில் அலை இல்லை, காற்று இருக்கிறது

தலைமன்னாருக்குப் போய்வந்தேன் என்று சொன்னதும் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அறுகம்பை மாதிரி அங்கேயும் சேர்ஃபிங் இருக்காமே, சேர்?" இருக்கிறது, ஆனால் அறுகம்பை மாதிரி அல்ல. அந்த வித்தியாசம் மன்னாரில் இன்னும் காணி வைத்திருக்கும் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்தவன். அந்த நாட்களில் விடுமுறை கிடைத்தால் பொத்துவில் பக்கம் போய்விடுவோம். அறுகம்பையை அங்குள்ளவர்கள் உல்லை என்பார்கள். தெற்கே பெருங்கடலில் எழும் அலை தடையில்லாமல் வந்து, குடாவின் முனையில் வளைந்து, கரையோரமாகவே நெடுந்தூரம் உருண்டு உடையும். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அதுதான் அவ்வூரின் முதல்.

மன்னாருக்கு அப்படி ஓர் அலை இல்லை. வடக்கே பாக்கு விரிகுடா ஆழமற்றது. மேற்கே ஆதம் பாலத்தின் மணல் திட்டுகள் குறுக்கே கிடக்கின்றன. ஆனால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓயாது. தென்கரையில் 2020இல் திறக்கப்பட்ட 'தம்பபவனி' மின்நிலையத்தின் 30 காற்றாலைகளைச் சுற்றுவதும் இதே காற்றுதான். தீவைக் கடந்து வீசும்போது, வடகரையில் தண்ணீர் தட்டையாக இருக்க, மேலே காற்று மட்டும் பலமாக இருக்கும். அலை வேண்டாம், காற்றுப் போதும் என்பவர்களின் விளையாட்டு கைட் சேர்ஃபிங். 20 மீற்றருக்கு மேல் நீளமான கயிறுகளில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் வழுக்கிப் போகிறார்கள். பார்க்க அழகுதான்.

ஆபத்தும் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. வடகரையில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. பட்டம் விழுந்தால் ஆளைக் கரைக்கல்ல, வெளியே கொண்டுபோகும். மீட்புப் படகு இல்லாத இடத்தில் இறங்கவே கூடாது. அந்தப் படகை ஓட்டத் தெரிந்தவர்கள் யார்? நீரோட்டமும் திட்டுகளும் மனப்பாடமான மன்னார் மீனவர்கள்தான். தென்கரை கொந்தளிக்கும் மாதங்களில் அவர்களுக்கும் இந்த அமைதியான பக்கம்தான் தேவை. வலை போட்ட இடத்தில் பட்டக் கயிறு விழுந்தால் சண்டைதான். எந்தத் துண்டு யாருக்கு என்று பருவத்துக்கு முன்பே மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஆதம் பாலத் திட்டுகளில் ஆலாப் பறவைகள் முட்டையிடுவதும் இதே மாதங்களில். அங்கே பட்டத்தோடு போய் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

இனி காணி. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறி வந்து இறங்கிய கரை கற்பிட்டி. இன்று கைட் சேர்ஃபிங்குக்குப் பெயர்போனதும் அதே கற்பிட்டிதான். நான் கற்பிப்பது புத்தளத்தில். என் மாணவர்களின் வாப்பாமாரில் சிலருக்கு மன்னாரில் இன்னும் காணி உண்டு. "போய் இருக்கப் போறதில்ல சேர், நல்ல விலை வந்தா குடுத்துருவம்" என்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் வேறு ஊரில் வேர் விட்டவர்களிடம் திரும்பிப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. விற்கத்தான் வேண்டுமா என்று மட்டும் கேட்கிறேன். குத்தகைக்குக் கொடுக்கலாம், இரண்டு அறை கட்டி, அங்கு திரும்பியிருக்கும் சொந்தக்காரரிடம் பொறுப்பு விடலாம்.

வெளிநாட்டவர் வந்தால் உடை, மது என்று ஊர் கெடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். விடுதி நம்முடையது என்றால் அதன் ஒழுங்கையும் நாமே எழுதலாம். உல்லையில் நாங்கள் தங்கிய நானாவின் விடுதியில் மது கிடையாது. அறைகள் காலியாகவும் கிடந்ததில்லை. கடலில் பழகிய இளைஞர்கள் மீட்புப் பயிற்சியும் கொஞ்சம் ஆங்கிலமும் கற்றால் அந்த விடுதியைவிடப் பெரிய வருமானம்.

விற்பதற்கு முன் ஒருமுறை ஜூலையில் போய்ப் பாருங்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து தலைமன்னார் வரை ரயில் போகிறது. யுத்தத்தில் நின்றுபோன அந்தப் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறந்தது. தொப்பி பறக்கும், கவனம்.